நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை

எலும்பு முறிய முட்டைக்கோஸ் வேண்டும்,
ஓர் இரவு ஃப்ரிட்ஜில் கிடந்தது, தண்டோடு.
பனியில் நடக்கப் பனி உதவாது.
போன ஜனவரியில் க்தினியா கடற்கரையில்
முழங்கால் வரை இறங்கிப் பதிவு செய்துவந்தேன்,
யாரோ காகிதம் கசக்குவதுபோல் இருந்தது.
உருளைக்கிழங்கு மாவைத் துணிப்பையில் கட்டி
மைக் அருகே பிசைந்தேன்.
"ஐயோ, குளிருது" என்றாள் போக்னா,
பியாவிஸ்தோக்கில், ஹீட்டரில் முதுகைச் சாய்த்தபடி.

வியாழன் இரவு ஒன்பது மணி.
லுத்விக் கதை சொல்வான்.
மற்றவர்கள் அதற்குள் நடப்பார்கள், பகடை உருட்டுவார்கள்,
சாவார்கள்.
எனக்கு அந்த உலகத்தில் உடம்பு கிடையாது.
நாற்பத்தெட்டுப் பொத்தான்கள் உண்டு:
சத்திரம், சங்கிலி, வௌவால், தூரத்துப் போர், பக்கத்துப் போர்,
காரணமில்லாத பயம்.
கடைசியாகச் சொன்னது வேறொன்றுமில்லை,
செல்லோவின் அடிக்கம்பி, மிக மெதுவாக.

இடியை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகத் தர முடிந்ததில்லை.
நான் அழுத்தியதும் போக்னா திடுக்கிடுவாள்.
ஒரு மூச்சு கழித்து ஒத்திலியா.
சிரில் ஏதோ சரக்குக் கப்பலில் சமையல்காரன்,
சாட்டிலைட் வழியாக வருகிறவன்;
எல்லாரும் அடங்கியபின் அவனுடைய "அம்மாடி!" வரும்.
முதலில் எரிச்சலாக இருந்தது.
பிறகு விட்டுவிட்டேன்.
இடி அப்படித்தான் கேட்கும்,
அவரவர் நிற்கும் தூரத்துக்கு.

மழைதான் வம்பில் மாட்டிவிட்டது.
என் பால்கனியில் பிடித்த மழை, நான்கு நிமிடம்,
முடிந்த இடத்திலேயே தன் வாலைக் கவ்விக்கொண்டு சுற்றும்.
நடுவில் எங்கோ
கீழ்வீட்டு ஹல்ஷ்கா அம்மாளின் நாய்
ஒரே ஒரு தடவை குரைத்திருக்கிறது.
பழகிய காது, எனக்குக் கேட்கவேயில்லை.
சதுப்பு நிலத்தில் அவர்கள் கூடாரம் போட்ட இரவு
சிரில் கேட்டான்: "அது என்ன நாய்?"

லுத்விக்கின் குறிப்பேட்டில் நாய் இல்லை.
கொஞ்சமும் தயங்கவில்லை என்று பின்னால் பீற்றிக்கொண்டான்;
ஆறு விநாடி தயங்கினான், எண்ணினேன்.
"இருட்டில் எங்கேயோ ஒரு நாய்," என்றான்.
அவ்வளவுதான்.
சூனியக்காரி தன் கோட்டையில் காத்திருக்க
மூன்று வியாழக்கிழமைகள் நாயைத் தேடினார்கள்.
கிடைத்தது. ஒரு காது இல்லை.
க்ரோஷ் என்று பெயர் வைத்தார்கள்,
இங்கே ஆகச் சிறிய காசின் பெயர்.
சும்மா வந்ததுக்கு அது போதும் என்றாள் ஒத்திலியா.

இரும்புத் தட்டில் பார்லி தூவி
சுத்தமான, கனத்த மழை ஒன்று புதிதாகச் செய்துபார்த்தேன்.
"இந்த மழை சரியில்லை,"
மூன்று குரல், மூன்று நேரத்தில்.

மே மாதம் மாடிப்படியில் ஹல்ஷ்கா அம்மாள்.
கையில் காய்கறிப் பை. வார் இல்லை.
நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்:
"ஈஸ்டருக்கு முன்னால்."
நாயின் பெயர் கஷ்தான் என்று அன்றுதான் தெரியும்.
உங்கள் நாய் எங்களோடு இரண்டு ராஜ்யம் தாண்டியிருக்கிறது
என்பதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது?
"கனமா இருக்கே, கொடுங்க" என்று
பையை வாங்கிக்கொண்டேன்.

நேற்று அவர்கள் பாலையை அடைந்தார்கள்.
மணல்காற்று தயாராக வைத்திருந்தேன்:
சர்க்கரை, கேக் தட்டு, ஹேர் டிரையர்.
நன்றாகவே வீசியது.
போக்னா நின்றுவிட்டாள். "க்ரோஷ் எங்கே?"

லுத்விக் பேசவில்லை.
ஒரு நிமிஷம் என்றேன்.
மழையைத் திறந்து குரைப்பை மட்டும் வெட்டினேன்,
எவ்வளவு ஒட்ட வெட்ட முடியுமோ அவ்வளவு.
ஆனாலும் ஓரங்களில் மழை இருந்தது.
அதைச் சுரண்டினால் தொண்டையும் சேர்ந்து வந்தது.
அப்படியே மணலின் மேல் வைத்து
அழுத்தினேன்.

போக்னா சிரித்தாள். ஒத்திலியா சீட்டியடித்தாள்.
வெகுநேரம் கழித்து,
எந்தக் கடலிலிருந்தோ, சிரில்:

"அது நிக்கற இடத்துல மட்டும்
மழை பெய்யுதா?"