புல எண் நூற்றுப்பதினேழு

பர்கூரில் குறுவட்ட அளவர் நான்.
என் சங்கிலிக்குக் கண்ணி உண்டு,
ஞாபகம் கிடையாது.

அ-பதிவேட்டில் நூற்றுப்பதினேழுக்கு நேராக
ஒரே சொல்: இருப்புப்பாதை.
தீர்வைப் பத்தியில் ஒரு கோடு.
திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு
இரண்டரை அடி அகலத்தில் போன வண்டி
நின்று எண்பது வருஷத்துக்கு மேலாகிறது.
யுத்தத்துக்கு வேண்டுமென்று
தண்டவாளத்தைக் கழற்றிப் போனார்கள்.
கட்டைகள் அடுப்புக்குப் போயின, ஜல்லி சுவருக்கு.
மிஞ்சிய ஒரு முழ இரும்பு
பள்ளிக்கூடத்து வேம்பில் மணியாகத் தொங்குகிறது.

பதிவேட்டில் மட்டும் அது நிற்கவில்லை.
ஒவ்வொரு ஜமாபந்தியிலும்
கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஓடிக்கொண்டே இருந்தது.

அதன்மேல்தான் முப்பத்தோரு வீடுகள்,
ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டி கோத்தாற்போல.
யாரும் யோசித்துச் செய்ததில்லை.
மேடு அப்படி நீளம்.
அடைமழையில் தண்ணீர் ஏறாத இடம்
ஊரில் அதொன்றுதான்.

தை மாதம் கம்பெனி வந்தது.
ஆபீஸ் ஓசூரில், பணம் பெங்களூரில்.
'மாம்பூ பாரம்பரிய ரயில்வே' என்றிருந்தது கோப்பில்.
நாற்பத்தைந்து வருடக் குத்தகை.
மூன்று கிலோமீட்டர், அதே இரண்டரை அடி,
ஆளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்,
ஏறின இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.
பழைய வண்டியில் புளி போயிற்று, கேழ்வரகு போயிற்று,
வாய்தாவுக்குப் போகிறவன்
கட்டுச்சோற்றோடு போனான்.
எங்காவது போக வேண்டியவர்களுக்குத்தான்
பஸ் இருக்கிறதே, என்றார் மேலாளர்.
தப்பில்லை.

கண்ணாடிப் பெட்டியில் வைக்க
பள்ளி மணியையும் கேட்டார்.
தலைமை ஆசிரியை தரவில்லை.
"நாலு மணிக்கு அடிக்கணுமே சார்."

ஆனியில் நான் கல் நட்டேன்.
பதினொன்றாவது கல்
கெம்பம்மாவின் அடுப்படியில் விழுந்தது.
மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து
அப்போதுதான் வந்திருந்தாள்,
முழங்கை வரைக்கும் மஞ்சள்.
கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ஏன் சார், இத்தனை வருஷமும்
டிக்கெட் எடுக்காமலா குடியிருந்தேன்?"
பக்கத்து வீட்டு மாதப்பன் சிரித்துவிட்டார்.
நானும் சிரித்தேன்.
பிறகு டேப்பைச் சுருட்டினேன்.
வழக்கத்தைவிட நேரமாயிற்று.

கிரானைட் குவாரிக்குப் பின்னால் மாற்று இடம்.
ரெண்டு சென்ட், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஆனால் பட்டா.
அவள் பெயர், அவள் கணவன் பெயர்,
நான்கு எல்லையும் எழுதிய பட்டா.
வாங்கிய அன்று அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.
வெடி வைக்கும் நேரம் எது என்பதை
அதில் எழுதியிருக்கவில்லை.

மகன் திம்மராயனுக்குக் கம்பெனியிலேயே வேலை.
காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான்,
இந்தப் பக்கத்தில் எவனும் எந்தக் காலத்திலும்
போட்டிராத ஒரு தொப்பி, பச்சைக்கொடி.
மாதம் பதினோராயிரம்.

அந்த வருஷ ஜமாபந்தியில்
நூற்றுப்பதினேழுக்கு நேராக
'மாறுதல் இல்லை' என்று எழுதினேன்.
விதிப்படி அது சரி.

வெள்ளோட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது.
டீசல் எஞ்சின்.
புகைபோக்கியில் கல்யாண மண்டபத்தில் விடுகிற புகை.
கூவியது ஒலிபெருக்கி.
நாலாவது நிமிடம், பதினொன்றாவது கல் இருந்த இடத்தில்,
பதிவு செய்த பெண்குரல்
இடப்பக்கம் மலைகளைப் பாருங்கள் என்றது.
எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

வலப்பக்கம் ஒரு முருங்கை.
யார் வைத்தது என்று எனக்குத் தெரியும்.
கடைசிப் பெட்டியிலிருந்து திம்மராயன்
கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
ஓடுகிற வண்டியிலிருந்தே கை நீட்டி
ரெண்டு காய் பறித்துக்கொண்டான்.