முப்பத்தேழாவது ஜோடி

ராணிப்பேட்டை கிடங்கு. மணி மூன்றே கால்.
தகரத்தில் வெயில் பொரிகிறது.
ஒவ்வொரு ஷூவின் நாக்கையும் இழுத்து
உள்ளே ஒட்டிய கட்டத்தைக்
கைபேசிக்குக் காட்டுகிறேன்.
பச்சை. பச்சை. பச்சை.

முன்பு ஒரு கன்டெய்னருக்கு
இரண்டு நாள், நாலு முத்திரை, எட்டு டீ.
இப்போது முதல் டீ ஆறுவதற்குள்
லாரி கிளம்பிவிடுகிறது.

முப்பத்தேழாவது, சிவப்பு.
இதே எண் நேற்றே
தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டதாம்.
ஒரு எண்ணுக்கு இரண்டு உடம்பு ஆகாது.

திருப்பிப் பார்த்தேன். நல்ல தோல்தான்.
குதிகால் மடிப்பில், முடிச்சுக்கு முன்
ஒரு தையல் பின்னால் போய்த் திரும்பி வருகிறது,
யாரும் கேட்காத ஒன்று.
அமுலு அப்படித்தான் முடிப்பாள்.
என் சட்டைக் கையிலும் இருக்கிறது.

பகலில் கம்பெனி.
ராத்திரி விஷாரத்துப் பக்கம்
ஒரு ஷெட்டில் ஓவர்டைம் என்றாள்.
எந்தக் கம்பெனிக்கு என்று
நானும் கேட்கவில்லை.
சீட்டுப் பணம் தவணை தவறாமல் போனது.

திரை கேட்கிறது:
போலியா? ஆம், இல்லை.
யார் தைத்தது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

ஆம் என்று தொட்டேன்.
சட்டைக் கையை
முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு
முப்பத்தெட்டாவதை எடுத்தேன்.