களிம்பு

உக்கடத்திலிருந்து மலையேறி வந்த கியர் பாக்ஸ்
என் ஒர்க்‌ஷாப் மூலையில்
தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.
அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எந்தப் பெட்டியின் மேலும் குற்றம் இல்லை.

மாதி டீச்சருக்கு இடது கால் கிளட்ச் மிதிக்காது.
கட்டபெட்டிலிருந்து கோத்தகிரிக்குத் தினமும்
அந்த ஆட்டோமேட்டிக் வண்டிதான் அவருக்கு இடது கால்.
அது மார்கழியில் நொண்டத் தொடங்கியது.

விடிகாலையில் மூன்றாம் கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
ஏறாது, இறங்காது.
பின்னால் தேயிலை லாரி ஹாரன் அடிக்க அடிக்க
ஏற்றத்தில் மூச்சிரைக்கும்.
பத்து மணி வெயிலில் என்னிடம் வரும்போதோ
நல்ல பிள்ளை,
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று
வாய்ப்பாடு ஒப்பிக்கும்.

எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தேன்.
கருகல் வாடை மாதிரி இருந்தது.
முந்தின நாள்தான்
கல்லட்டி ஏற்றத்தில் கொதிக்கக் கொதிக்க வந்த
பெங்களூர் வண்டி ஒன்றைப் பிரித்திருந்தேன்.
அன்றைக்கு என் மூக்குக்கு
டீயும் கருகித்தான் இருந்தது.

ஸ்கேனர் மூன்று சோலினாய்டின் பெயரைச் சொன்னது.
மூன்றும் ஒரே நாளில் சாகுமா
என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.
நிற்கவில்லை.
பெட்டியையே மாத்திடலாம் டீச்சர் என்றேன்.
சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தார்,
அறுபத்தெட்டாயிரம்.

செபஸ்தியும் நானும் இரண்டு நாள்.
கன்வெர்ட்டர் உள்ளே அமரும்போது
மூன்று முறை டக்கென்று இறங்க வேண்டும்.
மூன்றாவது சத்தம் வரும்வரை
ரேடியோவைக்கூட அணைத்துவிடுவோம்.
வந்தது.
சாயங்கால வெயிலில் ஓட்டிப் பார்த்தோம்.
வெண்ணெய்.

மறுநாள் ஆறு இருபதுக்கு போன்.
'அதே மூணாவது, தம்பி.'

அப்புறம்தான் பேட்டரித் தட்டைக் கழற்றினேன்.
அடியில் ஒரு எர்த் ஒயர்,
சுண்டுவிரல் கனம்கூட இல்லை.
நாலு மழைக்காலப் பனியைக் குடித்து
நுனியில் பச்சையாய்க் களிம்பு.
குளிரில் சுருங்கி விட்டுப்போகும்,
வெயிலில் விரிந்து ஒட்டிக்கொள்ளும்.
உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முடுக்கி,
பத்து நிமிடம்.

'சொல்லாதண்ணே' என்றான் செபஸ்தி.
'பாக்ஸ் மாத்தினதுலதான் சரியாச்சுன்னு இருக்கட்டும்.
வண்டிக்கு ரெண்டும் ஒண்ணுதானே.'
அவன் சொன்னது வண்டியைப் பொறுத்தவரை சரி.
ஒரு டீ ஆறும் நேரம்
நானும் வண்டியாகவே இருந்து பார்த்தேன்.

போனில் சொன்னேன்.
'டி'யில் போட்ட பிறகு கியர் பிடிக்கும் முன்
அரை நொடி ஒன்றும் நடக்காதே,
அது நீண்டுகொண்டே போனது.

'அப்ப என் பாக்ஸ் எங்க?'
'இங்கதான் இருக்கு டீச்சர்.'
'நல்லா இருக்கா?'
'நல்லாத்தான் இருந்துச்சு.'
'அதையே போடுங்க.'

போட்டோம். மறுபடி இரண்டு நாள், மறுபடி மூன்று டக்.
எண்ணெய்க்கு மட்டும் காசு கொடுத்தார்.
பில்லில் எர்த் ஒயரையும் எழுதச் சொன்னார்.
எழுதினேன். சுத்தம் செய்தது, ஒன்று, ஐம்பது ரூபாய்.
அதையும் எண்ணி வைத்தார்.
உக்கடத்து பாய் விற்றது விற்றதுதான் என்றுவிட்டார்.
மாதம் ஐயாயிரம் டீச்சருக்குத் திருப்புகிறேன்,
இதுவரை இரண்டு தவணை.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு
நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.
கண்ணாடி முழுக்கப் பனி.
வைப்பர் ஒருமுறை துடைக்க
சாலை வந்தது, போனது.
ஒன்று.
இரண்டு.
ஏற்றத்தில் மூன்று,
அங்கேயே நின்றது.
நான் என் வலது காலால்
இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன்.
சமதளம் வந்ததும்
நான்கு விழுந்தது.

டீச்சர் எதுவும் சொல்லவில்லை.
ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டினார்.