பாதை கிடைக்கவில்லை

ஆயர் கூனிங்கில் மழை பிடித்த இரவு.
செம்பனை ஆலை எடைமேடையில்
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து
கைமாறிய மடிக்கணினியைத் திறக்கிறேன்.

எடிட்டர் இறங்கிவிட்டது.
அதற்கொரு கம்பைலர் வேண்டுமாம்.
கம்பைலருக்கு இன்னொன்று,
இன்னொன்றுக்கு அதன் பழைய பதிப்பு.
கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால்
லோரி நிறைய வந்து இறங்குவது போல.

எண்பத்திரண்டு விழுக்காட்டில் டேட்டா தீர்ந்தது.
பக்கத்து அறை ரஃபீகுல்
குமில்லாவுக்குப் பேசிக்கொண்டே
ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டான்.
கடவுச்சொல் அவன் மகளின் பெயர்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்,
அவசரமே இல்லாமல்.

கர்சருக்குப் பழுத்த குலையின் நிறம் வைத்தேன்.
எழுத்துரு மட்டும் மசியவில்லை:
ஆங்கிலம் கட்டத்துக்குள் கைகட்டி நிற்கிறது,
'குலை' என்று தட்டினால்
லை பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டுகிறது.
நீட்டட்டும்.

பாதை கிடைக்கவில்லை என்கிறது திரை.
இந்த ஊரில், எனக்கா?
ஒரு மணி நேரம் தேடினேன்.
கோப்புறைக்கு 'எடை மேடை' என்று பெயர்;
நடுவிலிருந்த வெற்றிடம்தான் வினை.
சேர்த்து எழுதினேன். ஓடியது.
புணர்ச்சி விதி இதற்கும் உண்டு போல.

முதல் நிரல், நாலே வரி:
மொத்த எடையில் வெறும் லோரியைக் கழி.
நேற்றைய முதல் லோரி, வேலப்பனுடையது,
அதைப் போட்டுப் பார்த்தேன்.
மூவாயிரத்து நானூற்றிருபது.
நான் கையெழுத்திட்ட சீட்டில்
மூவாயிரத்து முந்நூற்றெண்பது.

இன்னொரு முறை ஓட்டினேன்.
அதே நாற்பது கிலோ.

சேமிக்கவா என்று கேட்கிறது.
பழுத்த நிறத்தில்
விட்டு விட்டு எரிகிறது கர்சர்.