துரு: இரண்டு மணி ஒன்பது நிமிடம்

வியாழன் இரவு, முதல் காட்சி.
யங்ஸ்டவுனில் மார்ச் மாதத்து மழை,
பனியாகலாமா வேண்டாமா என்ற யோசனையில்.
அரங்கில் பதினான்கு பேர்.
ரென்ஸோ பட்டறைச் சட்டையோடு வந்திருந்தான்,
தலையை மட்டும் கல்யாணத்துக்குப்போல வாரி.

துரு எங்கள் ஊர்க்காரி.
பறக்கிற பெரிய ஹீரோவின் காமிக்ஸில்
பொம்மை விளம்பரங்களுக்கும் பின்னால்
கடைசி நாலு பக்கம் அவளுக்கு.
தொட்ட இரும்பு துருவாகும். அவ்வளவுதான் வரம்.
பேருந்தில் வருவாள்,
கம்பியைப் பிடிக்காமல், தள்ளாடியபடி.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பார்கள்.
அவள் கை
சும்மா இருக்கவே பாடுபட்டது.

பத்தொன்பதாம் இதழில்
அவள் அப்பாவுக்கு இடுப்பில் எஃகு வைக்கிறார்கள்.
மருத்துவமனைக்கு வெளியே, கார்களுக்கு நடுவில்,
எதிலும் பட்டுவிடாமல் நிற்கிறாள்.
மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கையசைக்கிறாள்.
ஆறு கட்டங்கள். ஒரு சொல் இல்லை.
வரைந்தவர் பெயர் மூலையில், எறும்பளவு.
எனக்கு அப்போது பதினொரு வயது.
இப்போது எக்ஸ்ரே எடுக்கிறேன்.
தினமும் யாராவது ஒருவரின் எஃகு இடுப்பு
திரையில் வெள்ளையாக எழும்போது
அந்த ஜன்னல் ஞாபகம் வரும்.

படத்தில் அப்பா
ஐந்தாம் நிமிடம் செத்துப்போகிறார்,
ஒரு லாக்கெட்டைக் கொடுத்துவிட்டு.
பேருந்து கிடையாது. பைக்.
பைக்! அவள் ஏறி உட்கார்ந்தால் அது என்னாகும் என்று
எழுதிய ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
ரென்ஸோ சத்தமாகவே கேட்டான்.
பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான்.
அந்த இரவின் ஒரே நல்ல நகைச்சுவை அதுதான்.

உள்ளங்கையிலிருந்து நீல வெளிச்சம் பாய்கிறது.
துரு எப்போது நீலமானது?

திரையில் எங்கள் ஊர்ப்பெயர் வந்தது.
அதன் பின்னால் ஒரு மலை.
எங்களிடம் மலை இல்லை.
ஆற்றின் அடியில் கூழாங்கல் தெரிந்தது.
"மஹோனிங்கைக் குளிப்பாட்டியிருக்காங்க"
என்றாள் லொரெட்டா, பாப்கார்னுக்குள்ளிருந்து.

பிறகு வானத்தில் ஓட்டை.
சாம்பல்நிற உருவங்கள் விழுந்தன, எழுந்தன, விழுந்தன.
நான் கழிப்பறைக்குப் போய், கை கழுவி,
தாழ்வாரத்துச் சுவரொட்டிகளையெல்லாம் படித்துவிட்டு வந்தேன்.
ஓட்டை அப்படியே இருந்தது.

நடிகையைக் குறை சொல்ல மாட்டேன்.
ஒரே ஓர் இடம்:
கதவின் கைப்பிடி வரை போன கை
நின்றது,
பின்வாங்கி, கோட்டுக்குள் நுழைந்தது.
வசனத்தாளில் அது இருந்திருக்காது.
அவள் அந்தப் பழைய இதழைப் படித்திருக்கிறாள்,
சத்தியம் செய்வேன்.
ஒன்றரை நொடி.
அடுத்த ஷாட்டில் கதவே வெடித்துச் சிதறியது.

பெயர்கள் ஓடி முடியும்வரை காத்திருந்தோம்.
பெரிய ஹீரோ முதுகைக் காட்டி நின்றபடி
"நேரம் வந்துவிட்டது" என்றார்.
"போயேபோச்சு" என்றான் ரென்ஸோ.
அதற்கு முன்பு, நன்றிப் பட்டியலில்,
ஒரு ஹோட்டலுக்கும் குதிரைப் பண்ணைக்கும் இடையில்
படம் வரைந்த கிழவரின் பெயர் போனது.
எறும்பளவு.
அதே அளவு.

வெளியே, சாலையெல்லாம் உப்பு.
"ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வரலாமா?"
என்று கேட்டான், என் முகத்தைப் பார்க்காமல்.
"அந்தக் கைப்பிடிக்கா?"
"ம்."
டிக்கெட் பதினோரு டாலர்.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவன் லாரியின் கதவு ஒரே அடியில் மூடாது.
இரண்டாம் அடிக்குச்
சக்கரத்தின் மேலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது,
ஈரத் தரையில்,
செம்பழுப்பாய்.