வெறுங்கை

தை பிறந்து நாலாம் நாள், கூந்தங்குளம்.
வரித்தலை வாத்தொன்றின் கழுத்தில் பச்சைப் பட்டை.
தொலைநோக்கியில் எண்ணைப் படித்து
மங்கோலியாவில் மாட்டியது என்றார்
காவலர் உச்சிமாகாளி.

அய்வீகா வோல்கா ஆற்றங்கரைக்காரி.
கையை நீட்டித் தன் மாரி மொழியில் சொன்னாள்: கித்.
ஹங்கேரியில் கேஸ். பின்லாந்தில் கேஸி.
நான் 'கை' என்றேன்,
தொலைந்த அத்தை மகளை
ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் கண்டவன் மாதிரி.

அவள் சிரிக்கவில்லை.
எங்கள் கைக்கெல்லாம் கடைசியில்
பல்லை உரசும் ஓர் ஒலி இருக்கிறது,
உன்னுடையது வெறுங்கை.

பையிலிருந்த கட்டுரையை நான் எடுக்கவில்லை.
நாற்பது பக்கம். நூற்றெட்டுச் சொல்.

யூரல் மலையை எப்போது தாண்டினார்கள்,
மானின் பின்னாலா, மீனின் பின்னாலா?
தெரியாது, தெரியாது.
தேனுக்கான சொல் மட்டும்
தெற்கே புல்வெளிக்காரர்களிடம் வாங்கிய கடன்;
திருப்பிக் கொடுக்கவில்லை என்றாள்.
சொல்லின் கழுத்தில்
யாரும் பட்டை மாட்டி அனுப்புவதில்லை.

டீ வந்தது. கிளாஸ் கொதித்தது.
உச்சிமாகாளி துண்டை மடித்து நீட்டினார்:
"கையச் சுட்டுக்கிடாதிய தாயி."

சட்டென்று வாங்கிக்கொண்டாள்.
எந்தச் சொல் புரிந்தது என்று
நான் கேட்கவில்லை.