காரணம் எண் ஏழு

சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலை ஓரம்,
ஒன்பது ஏக்கர் தகரக் கூரைக்குக் கீழே
திரும்பி வந்த பொருட்களின் பிரிவில் நிற்கிறேன்.
மணிக்கு எண்பது பெட்டி. இரவு ஷிஃப்ட்.

அளவு பெரிது என்றால் காரணம் ஒன்று.
படத்தில் இருந்த நிறம் இல்லை என்றால் மூன்று.
ஏழு, கடைசி:
இனி தேவையில்லை.
ஏழுதான் அதிகம் வருகிறது.

பெட்டியைக் கிழித்தால் ஏதோ ஒரு வீட்டின் வாசனை எழும்,
சாம்பிராணி, நாய், புதுப் பெயின்ட்.
ஒருமுறை பட்டுப்புடவை மடிப்பிலிருந்து
மஞ்சள் அரிசி நாலு உதிர்ந்தது.
யார் கல்யாணமோ.
பொறுக்கிப் போட்டுவிட்டு
'உடுத்தாதது' என்று ஒட்டினேன்.

நேற்று இரண்டரைக்கு வந்தது கல்.
டீ கிளாஸ் வைக்க, வட்டமாக அறுத்த
கறுப்புக் கிரானைட், ஆறு.
பளபளப்பில் டியூப்லைட் தெரிந்தது, கீழே என் மூக்கு.
திருப்பினேன். பாலிஷ் போடாத பக்கம்.
அந்தச் சொரசொரப்பை என் பாதம் அறியும்.

பர்கூர்ப் பக்கம், எங்கள் ஊருக்குக் கிழக்கே
ஒரு குன்று இருந்தது என்று சொன்னால்
அழகாக இருந்தது என்று நினைப்பீர்கள்.
இல்லை.
முள்ளும் ஓணானும்தான்.
மே மாதத்தில் விடியும்வரை அனல் கக்கும்.
உச்சியில் மட்டும் செல்போன் டவர் எடுக்கும்.
யாரும் அதைக் கும்பிட்டதில்லை.
எங்கள் கிணறு அதைக் குடித்துத்தான் இருந்தது என்பது
அது லாரியில் போய் முடிந்த பிறகு,
மூன்றாவது கோடையில், தெரிந்தது.
இப்போது அங்கே குன்றின் உயரத்துக்கு ஆழம்.
பச்சைத் தண்ணீர். கம்பிவேலி.

குறைவாக வாங்குங்கள் என்று பேச
ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்.
நாகவேணி கேட்டாள்: "எதை சார் குறைக்கிறது?"
அவர் கண் மிக்ஸி மேல் போனது.
அதற்குத் தவணை இன்னும் நாலு மாசம்.

அவர் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன்.
போன தீபாவளிக்கு நானும் ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கினேன்,
நாலே நாளில் ஆசை தீர்ந்தது,
ஏழை அழுத்தினேன்.
மறுவாரம் அது என் மேசைக்கே வந்தது.
நாங்கள் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவரிடம் கேட்க வராத வார்த்தை
நேற்றுதான் வந்தது:
வாங்கியவருக்கு ஏழு காரணம் இருக்கிறது,
பத்து நாள் அவகாசம் இருக்கிறது,
வாசலுக்கே வந்து எடுத்துப்போக ஒரு பையன் இருக்கிறான்.
குத்தகைக்குப் போன மலைக்கு
எந்தப் பொத்தான்?
'எடுத்ததைத் திருப்பு' என்று சொல்ல
ஒரு கிணறு
எந்த வரிசையில் நிற்கவேண்டும்,
எந்த அலுவலகத்தில், எந்தக் கிழமை?
துணிப்பைக்குள் இதெல்லாம் அடங்குமா சார்?

ஸ்கேனர் சிவப்புக் காட்டியது: அழிப்பு.
துடைத்து, மறுபடி அடைத்து, அடுக்குகிற கூலி
கல்லின் விலையைத் தாண்டுகிறதாம்.
எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
"கேட்டில் செக்கிங் இருக்கு, திருட்டு கேஸ் ஆகும்"
என்றார் சூப்பர்வைசர் திம்மராயன்.
கெட்டவர் இல்லை. அவர் மாமனார்
அந்தப் பள்ளத்தில் துளைபோட்டு இருமியவர்.
அவரும் ஒரு வட்டத்தைக் கையில் எடுத்து
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அழிப்புத் தொட்டிக்குள் ஆறும் விழுந்தன.
அறுநூறு மைல் போய்
முப்பது மைல் பக்கத்தில் வந்து விழுந்த சத்தம்
அவ்வளவு பெரிதாக ஒன்றுமில்லை.

பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில்,
காரணம் ஏழுக்குக் கீழே,
வாடிக்கையாளர் தன் கைப்பட எழுதியிருந்தார்:
'நினைத்ததைவிடக் கனம்.'

மணி மூன்று.
கணக்கில் பதினொரு பெட்டி பின்தங்கியிருந்தேன்.